ஈரம் காயாத முகம்

ஒட்டடைக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டின் மேல் பழி போட வழியில்லை. அவன் இன்னும் சாப்பிடவே இல்லை.

எல்லாம் அந்த ஃபோனால் வந்தது.

"டேய், அழாதடா. நான் வந்துட்டேன்னு வெச்சுக்கோடா" என்று மேடம் யாரிடமோ சொன்னதை அவன் தன் காதால் கேட்டான். மேடம் ஐம்பதைத் தாண்டியவர். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்து, எரிந்துபோன கடைகளைச் சுற்றிப் பார்த்து, எது தானாக எரிந்தது, எது எரிய வைக்கப்பட்டது என்று மோந்தே சொன்னவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ். ஒட்டடை அங்கே ஒரே உதவியாளன். ஆள் நெட்டையாக, ஒல்லியாக, கூரையிலிருந்து தொங்குவதுபோல இருப்பதால் வந்த பெயர் அது. சேர்ந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இந்த நாலு வருஷத்தில் மேடம் அவனை ஒரு தடவைகூட 'டா' போட்டதில்லை. 'வாங்க, போங்க, அந்தக் கதவைத் திறங்க, அந்தாளு சொல்றதை நம்பாதீங்க.' மரியாதைதான். ஆனால் பேங்க் மேனேஜருக்குக் கொடுக்கிற மாதிரியான மரியாதை. ஃபோனில் இருந்தவனுக்கோ ஒரே மூச்சில் இத்தனை 'டா'.

"யாரு மேடம் அது?" என்றான், பட்டும் படாமலும்.

"உங்களுக்கு முன்னாடி என்கிட்ட இருந்தவன். இப்ப ஏரிக்கரையில இருக்கற கப்பல் மியூசியத்துக்குக் காப்பாட்சியர். நாளைக்கு அங்க ஒரு திறப்பு விழா. என்னைத்தான் திறந்து வைக்கக் கூப்பிட்டிருந்தான். திறக்க வேண்டிய பொருளைக் காணோமாம்."

"அப்ப விழா முடிஞ்ச மாதிரிதானே மேடம். ஏற்கெனவே யாரோ திறந்துட்டாங்க."

மேடம் சிரிக்கவில்லை. கார் சாவியை எடுத்து அவன் பக்கம் வீசினார். வழி நெடுக, "அவன் இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பிக்கிற கதைகளாகவே சொல்லிக்கொண்டு வந்தார். அவன் இருந்தா இந்நேரம் பூட்டைத் திறந்திருப்பான். அவன் இருந்தா இந்நேரம் அந்த பஸ் கேஸ்ல கண்டக்டர் பொய் சொல்றான்னு கண்டுபிடிச்சிருப்பான். ஒட்டடை கியரை மாற்றிய மாற்றில் வண்டி முனகியது.

அந்தக் காலத்தில் படகு கட்டிய பெரிய கொட்டகைதான் இப்போது மியூசியம். பின்பக்கச் சுவர் நேராக ஏரிக்குள் இறங்கி நின்றது. வாசலில் சின்னக் கூண்டு மாதிரி ஒரு டிக்கெட் கவுன்ட்டர். உள்ளே நாற்பத்தஞ்சு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். அகலமான நெற்றி, கூர்மையான மூக்கு, எதையும் நம்பாத கண்கள். மேடம் எங்கேயும் ஓசியில் உள்ளே போகமாட்டார். நோட்டை நீட்டினார்.

"சில்லறை இருக்கா?" என்றாள் கவுன்ட்டரம்மா, நோட்டைத் தொடாமலே. "காலங்காத்தால ஆளாளுக்குப் பெரிய நோட்டா நீட்டினா நான் எங்க போவேன்?"

ஒட்டடை பாக்கெட்டைத் துழாவிக் கொடுத்தான். அவள் ஒவ்வொரு காசையும் புரட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தாள்.

"ஏரிப்பொண்ணு சிலையைப் பாக்க வந்தீங்கன்னா இல்ல. காணாமப் போச்சு. நானே இன்னும் பாக்கல. இத்தனைக்கும் அதைச் சரி பண்றவரு எங்க வீட்டுக்காரருதான்."

"அவரு உங்களுக்குக் காட்டலையா?" என்றார் மேடம்.

"எங்க? ரெண்டு வாரமா என்னை அந்த ரூம் பக்கமே விடறதில்ல. மருந்து நெடி, உனக்கு மூச்சு வாங்கும்னு விரட்டுறாரு. முன்னாடியெல்லாம் மத்தியானம் அங்கதான் ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவோம்."

அதற்குள் உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்தார். மடிப்புக் கலையாத சட்டை, ஒழுங்காக வாரிய தலை, முகம் முழுக்கக் கவலை. அந்தக் கவலைகூட அவருக்கு எடுப்பாக இருந்ததுதான் ஒட்டடைக்குப் பொறுக்கவில்லை.

"மேடம்!"

"என்னடா இளைச்சுட்டே" என்றார் மேடம்.

காப்பாட்சியர் ஒட்டடையை அண்ணாந்து பார்த்தார். "சார்தான் புதுசா சேர்ந்தவரா?"

"நாலு வருஷமா புதுசு சார்."

மூன்று பேரும் உள்ளே நடந்தார்கள். பனிமூட்டத்தில் அடிக்கிற பெரிய மணி, முங்கு நீச்சல்காரர் மாட்டுகிற பித்தளைத் தலைக்கவசம், ஆள் உயரச் சுக்கான் சக்கரம், பலகையில் வரிசையாகக் குத்தி வைத்த கயிற்று முடிச்சுகள். ஒட்டடை எல்லாவற்றையும் பார்த்தான், எதுவும் மனசில் ஏறவில்லை. முன்னால் போன இரண்டு பேரின் பேச்சுதான் காதில் ஏறியது.

"பூட்டு..."

"உடைக்கலை மேடம். சாவி..."

"வழக்கம்போல ஆணியில."

"ஆமாம். ஊருக்கே தெரியும்."

ஒருவர் பாதி சொல்ல மற்றவர் மீதியை முடித்தார். பாட்டுக் கச்சேரி மாதிரி இருந்தது. ஒட்டடைக்கு மேடம் முழு வாக்கியம் சொன்னால்தான் பாதி புரியும்.

நடந்துகொண்டே காப்பாட்சியர் கதையைச் சொன்னார். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஏரியில் ஓர் உல்லாசக் கப்பல் ஓடியது. அதன் மூக்கில், தண்ணீரைப் பார்த்தபடி, ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெண். இந்தக் கொட்டகையில் வேலை செய்த ஒரு தச்சன் செதுக்கியது. ஊர்க்காரர்கள் ஏரிப்பொண்ணு என்பார்கள். கப்பல் ஒரு புயலில் முழுகியது. ஆட்களை எல்லாம் காப்பாற்றிவிட்டார்கள், கப்பல் மட்டும் அடியில் தங்கிவிட்டது. போன வருஷம்தான் ஏரிப்பொண்ணை மட்டும் கழற்றி மேலே கொண்டுவந்தார்கள்.

"விசேஷம் என்னன்னா மேடம், தச்சன் செதுக்கின முகத்தை அந்தக் காலத்துல யாருமே சரியாப் பாத்ததில்ல. கப்பல் முதலாளிக்குப் பிடிக்கலையாம். மேல சுண்ணாம்பு மாதிரி ஏதோ அப்பி, பெயின்ட் அடிச்சு, கடையில விக்கற பொம்மை மாதிரி ஆக்கிட்டாங்க. நம்ம மராமத்துக்காரர்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுரண்டி எடுத்தாரு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நிஜ முகம் வெளிய வந்துடுச்சு."

"நீ பாத்தியா?"

"கதவிடுக்குல ஒரு செகண்ட். உடனே துணியைப் போட்டு மூடிட்டாரு. முழுசா முடியட்டும் சார், அப்புறம் பாருங்கன்னாரு." காப்பாட்சியர் கொஞ்சம் தயங்கினார். "சொன்னா சிரிப்பீங்க. அந்த முகத்தைப் பாத்ததும் என் கை தானா பாக்கெட்டுக்குள்ள போச்சு. சில்லறை தேடணும்போல இருந்துச்சு. ஏன்னு எனக்கே தெரியல."

"சிலை கையை நீட்டிக்கிட்டு நின்னுதோ என்னவோ" என்றான் ஒட்டடை.

மேடம் நின்றார். ஒட்டடையைப் பார்க்கவில்லை. "டேய், அதை ஞாபகம் வெச்சுக்கோ. அது சும்மா வந்திருக்காது" என்றார் காப்பாட்சியரிடம்.

பழையபடி வயிறு எரிந்தது.

மராமத்து அறை கொட்டகையின் கடைசியில், ஏரியை ஒட்டி இருந்தது. அறையின் பின்கதவைத் திறந்தால் படகை இறக்குகிற சரிவு. மேலே உத்தரத்தில் சங்கிலிக் கப்பி. நடுவில் சிலையைக் கிடத்தியிருந்த மரத்தொட்டில் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு குட்டையான மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எப்போதும் தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய விரல் நுனிகள் சுருங்கிப் போயிருந்தன. அவர்தான் மராமத்துக்காரர், வெளியே சில்லறை கேட்டவளின் புருஷன்.

"காலையில வந்து பாத்தேம்மா. காணோம்" என்றார்.

மேடம் தொட்டிலைச் சுற்றி வந்தார். "தண்ணிக்குள்ள அத்தனை வருஷம் கிடந்த மரம் காஞ்சா என்ன ஆகும்?"

"வெடிச்சிடும். முகம் ரெண்டாப் பிளந்துடும்."

"அப்ப ஈரச் சாக்கு சுத்தி வெச்சிருப்பீங்களே. அதெல்லாம் எங்க?"

மராமத்துக்காரர் தரையைப் பார்த்தார். "அதையும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போயிட்டான்."

"நல்ல திருடன்" என்றார் மேடம். "எடுத்துட்டுப் போற பொருள் மேல இவ்வளவு அக்கறை."

ஒட்டடை மூக்கை உறிஞ்சினான். ஊறிய மரமும் ஏரிப் பாசியும் கலந்த வாசம். வேறு எந்த நெடியும் இல்லை. ஏதோ ஒன்று இடறியது. ஆனால் அந்த நேரம் அவன் கண்ணில் வேறொன்று பட்டுவிட்டதால் அதை அப்படியே விட்டுவிட்டான். திறந்திருந்த கதவு வழியாக எதிர் அறை தெரிந்தது. அது காப்பாட்சியரின் அறை. காப்பாட்சியர் அங்கே விறுவிறுவென்று போய், இரும்பு அலமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி திரும்பி வந்தார்.

ஒட்டடையின் மூளை நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. சிலை காணாமல் போனதால் யாருக்கு லாபம்? மேடம் ஓடி வந்துவிட்டாரே. விழாவுக்கு நாளைக்கு வந்து ரிப்பன் வெட்டிவிட்டுப் போயிருக்க வேண்டியவர், இன்றைக்கே வந்து, தோளைத் தட்டி, 'இளைச்சுட்டே' என்று உருகுகிறார். திருடியவன் இவன்தான். மேடத்தைத் திரும்பப் பிடிப்பதற்காகவே திருடியிருக்கிறான்!

மேடம் பின்கதவைத் திறந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒட்டடை எதிர் அறைக்கு நழுவினான். இரும்பு அலமாரிப் பூட்டுகள் அவனுக்குப் பழக்கம். ஒரு வளைந்த கம்பி போதும். கதவு திறந்த சத்தத்துக்கு எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"மேடம், இதோ பாருங்க. இவரு எதை ஒளிச்சு வெச்சிருக்காருன்னு நீங்களே..."

உள்ளே ஒரு வெல்வெட் துணி. துணிக்குள் ஒரு பித்தளைத் தகடு. ஏரிப்பொண்ணின் காலடியில் பதிக்கத் தயாரானது. அதில் பொறித்திருந்தது: 'கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்தவருக்கு.' கீழே மேடத்தின் பெயர்.

காப்பாட்சியரின் காது சிவந்துவிட்டது. "நாளைக்குத்தான் காட்டணும்னு இருந்தேன் மேடம்" என்றார்.

மேடம் திரும்பினார். கண்ணில் தீ.

"அறிவிருக்காடா உனக்கு? ஆள் உயர மரப்பொண்ணு இந்த அலமாரிக்குள்ள எப்படிடா நிப்பா?"

"கொஞ்சம் குனிஞ்சு நின்னா..."

"வெளிய போடா! போய்க் காத்து வாங்கிட்டு வா. மூளைக்குள்ளயும் கொஞ்சம் போகட்டும்."

ஒட்டடை தகட்டை வெல்வெட்டில் சுற்றி வைத்துவிட்டு வெளியேறினான். அவமானத்தில் காது அடைத்தது. சுக்கான் சக்கரத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது. மூணு 'டா'. எண்ணிக்கையில் காப்பாட்சியருக்குச் சமம்! அவமானத்துக்கு நடுவே அசட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அடுத்த நொடி அந்தத் தகடு கண்முன் வந்து நின்று அதை விரட்டியது.

வாசலில் கொஞ்ச நேரம் ஏரிக்காற்றில் நின்றான். நாலு வருஷத்தில் தான் என்ன செய்து கொடுத்தோம் மேடத்துக்கு? ஒரு தடவை குடை வாங்கிக் கொடுத்தான். அதுவும் மழையில் கிழிந்துவிட்டது. திரும்ப உள்ளே போகக் காலை எடுத்து வைத்தான்.

"ஹலோ, வெளிய போனா மறுபடி டிக்கெட்" என்றது கவுன்ட்டர் கூண்டு. "சில்லறை இருக்கா?"

அவன் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது.

போனது, அங்கேயே நின்றுவிட்டது.

அகலமான நெற்றி. கூர்மையான மூக்கு. தினம் காலையில் இந்த வாசலைத் தாண்டும் ஒவ்வொருவரையும் பார்த்து அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். காப்பாட்சியரும் எத்தனை தடவை அதைக் காதில் வாங்கியிருப்பார். அவர் கதவிடுக்கில் பார்த்தது இந்த முகத்தை.

"அம்மா, அந்தத் தச்சரை உங்களுக்குத் தெரியுமா? ஏரிப்பொண்ணைச் செதுக்கினவர்?"

கவுன்ட்டரம்மாவின் கை காசுப் பெட்டியின் மேல் அப்படியே நின்றது. "அதை எதுக்கு இப்ப கேக்கறீங்க?" என்றாள். குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

அது போதும். ஒட்டடை பாக்கெட்டில் இருந்ததை எல்லாம் கவுன்ட்டரில் கொட்டிவிட்டு உள்ளே ஓடினான். "மிச்சம்!" என்று அவள் பின்னால் கூவினாள்.

ஓடும்போதே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. மருந்து நெடி என்று பெண்டாட்டியை விரட்டினார், அந்த அறையில் மருந்தே கிடையாது. அவள் முகத்தை அவளே பார்த்துவிடக் கூடாது, ஊரும் பார்த்துவிடக் கூடாது என்று விரட்டியிருக்கிறார். வேறொருத்தன் அவளை இமை இமையாகப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான். அந்த முகத்தைத் தன் கையாலேயே சுரண்டிச் சுரண்டி வெளியே எடுத்தவர் புருஷன். இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்!

அப்படியானால் சிலை எங்கே? உடைத்திருப்பாரா? எரித்திருப்பாரா?

பித்தளைத் தகடு ஞாபகம் வந்தது. அதைப் பார்த்ததும் ஒட்டடைக்கு என்ன தோன்றியது? தூக்கி ஏரியில் வீசவேண்டும் என்று தோன்றியது. ஆனால் என்ன செய்தான்? வெல்வெட்டில் பழையபடி பத்திரமாகச் சுற்றி வைத்தான். அதில் மேடத்தின் பெயர் இருந்ததே.

உடைத்திருக்க மாட்டார். அவரால் முடிந்திருக்காது.

அவன் மராமத்து அறைக்குள் பாய்ந்து, யாரையும் பார்க்காமல், பின்கதவு வழியாகச் சரிவில் இறங்கினான். சின்னப் படகுத்துறை. காட்சிக்காக நிறுத்தியிருந்த பழைய துடுப்புப் படகு ஒன்று. படகைக் கட்டிய கயிறு தொளதொளவென்று தண்ணீரில் மிதந்தது. ஆனால் துறையின் கடைசிக் கட்டையில் இன்னொரு கயிறு இருந்தது. அதன் முனையில் படகு இல்லை, எதுவும் இல்லை. ஆனாலும் அது விறைப்பாக, நேராகக் கீழே தண்ணீருக்குள் போனது.

"மேடம்!"

மேடம் ஏற்கெனவே கதவருகில் நின்றிருந்தார். பக்கத்தில் காப்பாட்சியர். அவர்களுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக்கொண்டு மராமத்துக்காரர்.

"சிலை ஏரிக்குள்ள இருக்கு மேடம். போட்டது இவரு. ஏன்னா அது இவரோட வீட்டம்மா முகம்."

காப்பாட்சியர் வாயைத் திறந்தார். அவர் கை பாக்கெட்டைத் தொட்டது. "சில்லறை!" என்றார். "அட, அதுதானா!"

"சாக்கை வெச்சு நானும் இவருகிட்டதான் வந்து நின்னேன்" என்றார் மேடம் மெதுவாக. "ஆனா எதுக்குன்னு பிடிபடலை. நீ எப்படிப் பிடிச்சே?"

ஒட்டடை காப்பாட்சியரைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான். "எனக்கு அந்த வியாதி நல்லாப் பழக்கம் மேடம்" என்றான். "காலையில இருந்து அதே வியாதிலதான் இருக்கேன்."

மேடம் அவனை ஒரு கணம் புதிதாகப் பார்த்தார்.

மராமத்துக்காரர் மறுக்கவில்லை. அப்படியே சரிவில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இந்த ஊர்க்காரன் இல்லம்மா. கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்க வந்தேன். வந்த புதுசுல ஒரு கிழவன் சொன்னான், உன் பொண்டாட்டி அந்தத் தச்சன் வேலை செய்யற இடத்துலயே பழியாக் கிடப்பான்னு. சின்ன வயசுல இருக்கறதுதானேன்னு விட்டுட்டேன். அவகிட்டக் கேக்கவே இல்லை. நிஜமாவே மறந்துட்டேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, கண்ணு வரைக்கும் சுரண்டினேன். நெத்தி வந்துச்சு, மூக்கு வந்துச்சு. இருபது வயசுல அவ எப்படி இருந்தான்னு எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நாளைக்கு ஊரே வந்து நின்னு பாக்கும். எனக்குத் தாங்கலை."

"மேல கொண்டுவாங்க" என்றார் மேடம்.

கப்பிச் சங்கிலியை ஒட்டடையும் காப்பாட்சியரும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரே சங்கிலி என்றாலும் இரண்டு பேரும் போட்டி போட்டுத்தான் இழுத்தார்கள். தண்ணீர் கொட்டக் கொட்ட ஒரு நீளமான சாக்கு மூட்டை சரிவில் ஏறியது. மராமத்துக்காரர் மண்டியிட்டுச் சாக்கைப் பிரித்தார். முகம் வெளியே வந்தது.

நன்றாகத்தான் செதுக்கியிருந்தான் பாவி. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஒரு பெண்ணின் முகம்.

"மிச்சத்தை வாங்காம ஓடினா என்ன அர்த்தம்?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. கையில் காசோடு கவுன்ட்டரம்மா நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் இறங்கி வந்தாள். சிலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். ஈரச் சாக்கைப் பார்த்தாள். யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

"இது நான்னு நெனச்சுக்கிட்டீங்களா?" என்றாள்.

மராமத்துக்காரர் தலையைத் தூக்கவில்லை.

"நல்லாப் பாருங்க. கன்னத்துல குழி இருக்கு. எனக்கு எங்க இருக்கு?" விரலால் தன் கன்னத்தைக் குத்திக் காட்டினாள். "இது எங்க அக்கா."

ஒட்டடையின் வாய் திறந்தபடி நின்றது. மேடத்தின் வாயும்தான்.

"ஊர்ல சொன்னது பொய்யில்ல" என்றாள் அவள். குரலில் பழைய கரகரப்பு. "எனக்கு அவன்மேல கிறுக்கு. சிலைக்கு ஆள் வேணும்னான். நான்தான் தினம் போய் வெயில்ல உக்காந்தேன். கழுத்தைத் திருப்பாதேன்னா திருப்பமாட்டேன். கப்பலை இறக்கற அன்னிக்கு முதல் ஆளா ஓடிப்போய்ப் பாத்தேன். குழி விழுது. என்னை உக்கார வெச்சுக்கிட்டு அவளைச் செதுக்கியிருக்கான். அடுத்த மாசம் ரெண்டு பேருக்கும் கல்யாணம். வெளியூருக்குக் குடி போயிட்டாங்க. அதுல இருந்து நான் அவகூடப் பேசறதில்ல. வீட்ல அவ போட்டோவைக்கூட விட்டு வெக்கல."

"அதான் நான் பாத்ததே இல்ல" என்றார் புருஷன், தனக்குத்தானே.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். கப்பல் முதலாளிகிட்டப் போய், மூஞ்சி அம்சமா இல்லைங்க, மேல பூசி பொம்மை மாதிரி ஆக்குங்கன்னு ஓதிவிட்டதே நான்தான்."

மேடம் சிரித்துவிட்டார். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "ஒரே முகத்தை அன்னிக்குப் பொண்டாட்டி மறைச்சா, இன்னிக்குப் புருஷன் மறைச்சாரு. உங்க ரெண்டு பேரையும் பிரிக்கவே முடியாது போ."

ஆனால் கவுன்ட்டரம்மா சிரிக்கவில்லை. அவள் குனிந்து அந்தச் சாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துப் பக்கம் இரண்டு மடிப்பு, கன்னத்தில் நாலு மடிப்பு.

"தண்ணிக்குள்ளதானே போட்டீங்க. மரம் காயாதே. அப்புறம் எதுக்கு இத்தனை சாக்கு?"

மராமத்துக்காரர் சுருங்கிய விரல்களைப் பிசைந்தார். "கயிறு உரசும்ல. அலை அடிக்க அடிக்கக் கன்னத்துல கோடு விழுந்துடும்."

அவள் அவர் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். "அக்காவுக்குப் போய் இவ்வளவு சாக்கை வீணாக்கியிருக்கீங்களே" என்றாள். திட்டுகிற குரல்தான். ஆனால் அவள் தோள் அவர் தோளோடு ஒட்டிக்கொண்டது.

காப்பாட்சியர் மேடத்தின் காதருகில் வந்தார். "போலீஸ்ல எழுதிக் கொடுத்ததை..."

"வாபஸ் வாங்கிடு. சிலை மியூசியத்தை விட்டு வெளிய போகவே இல்லை. ஊற வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான்."

"நாளைக்கு வைக்கலாமா?" என்று காப்பாட்சியர் கவுன்ட்டரம்மாவைக் கேட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்னாத்தான்."

"வைங்க. யார் முகம்னு கேட்டா எங்க அக்கான்னு சொல்லுங்க. என்கிட்ட மட்டும் யாரும் வந்து கேக்கவேணாம்."

சொல்லிவிட்டு அவள் மடியிலிருந்து ஃபோனை எடுத்தாள். சிலைக்கு நேராகப் பிடித்தாள். சரியாக வரவில்லை என்று நகர்ந்து, வெளிச்சம் குழியில் விழும்படி இன்னொன்று எடுத்தாள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு நம்பரைத் தேடிப் பிடித்தாள். அது அங்கே எப்போதும் இருந்திருக்கிறது, அவள் தொட்டதில்லை. ஒரு வார்த்தைகூட எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பினாள்.

ஏரி துறைக் கட்டைகளில் மெதுவாக மோதிக்கொண்டிருந்தது. யாருக்கும் உள்ளே போக மனசில்லை. ஒட்டடை கயிற்றைச் சுருட்டுவதுபோல நடித்துக்கொண்டிருந்தான். சுருட்டிய கயிற்றைக் காப்பாட்சியர் வாங்கிப் பிரித்து, "இப்படிச் சுத்தினா சிக்கு விழாது" என்று சொல்லிக் கொடுத்தார். ஒட்டடை பேசாமல் கற்றுக்கொண்டான்.

அப்போது அவள் கையில் ஃபோன் அடித்தது.

கவுன்ட்டரம்மா திரையைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"எடு" என்றார் புருஷன்.

"அடிக்கட்டும்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் எத்தனை நாள் வெயில்ல உக்காந்தேன். அவளும் கொஞ்சம் காத்திருக்கட்டும்."

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிடப் போகிறதே என்று ஒட்டடைக்குப் பதறியது. நிற்கப்போகிற நேரம் பார்த்து அவள் பட்டென்று எடுத்துக் காதில் வைத்தாள்.

"ம், நான்தான்" என்றாள். "உன் மூக்கு ஒண்ணும் அவ்வளவு அழகு இல்லடி."